சுத்தம் செய்தும் திரும்பத் திரும்ப அடைக்கும் கார்புரேட்டர்: பழைய மாருதி 800 சிக்னலில் நின்றுபோவது ஏன்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 1997 மாடல் மாருதி 800, அப்பா ஓட்டிய வண்டி. அவர் ஓட்டுவதை நிறுத்திய பிறகு தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலில் ரொம்ப நாள் சும்மா நின்றது. இப்போது நீங்கள் எடுத்து ஓட்டுகிறீர்கள். ஸ்டார்ட் ஆகிறது, மூன்றாவது நாலாவது கியரில் நன்றாகவே இழுக்கிறது. ஆனால் டி.எச். ரோட்டில் சிக்னல் விழுந்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு ஆஃப் ஆகிவிடுகிறது. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் ஓடுகிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் சில நாள் ஒழுங்காக ஓடி மறுபடி அதே கதை. இப்போது மெக்கானிக் "கார்புரேட்டரே போச்சு, வேற போடணும்" என்கிறார். இன்னொருவர், கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினாக மாற்றிவிடச் சொல்கிறார். கார்புரேட்டரை எப்படிச் சுத்தம் செய்வது என்று நீங்கள் கேட்டிருந்தாலும், உங்களை அரிப்பது வேறு கேள்வி என்று நினைக்கிறேன்: சுத்தம் செய்தும் ஏன் திரும்பி வருகிறது, இந்த வண்டிக்கு இனி பணம் போடலாமா?

போடலாம். ஆனால் கார்புரேட்டருக்குப் போடும் முன் டேங்க்கைப் பாருங்கள். நான் ராயபுரத்தில் செட்டு வைத்திருப்பவன். அம்பாசடரும் பியட்டும் ஓடிய காலத்தில் தொழில் பழகி, பிறகு மாருதியோடு வளர்ந்தவன். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அதனால் கீழே எது நிச்சயம், எது யூகம் என்று பிரித்துச் சொல்லியே எழுதுகிறேன்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி முக்கியம், நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: "சுத்தம் செய்த பிறகு சில நாள் நல்லா இருந்துச்சு." இந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடுகிறது. கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் வால்வின் அச்சு, அதாவது த்ராட்டில் ஷாஃப்ட், தேய்ந்து ஆடினால், அல்லது அடியில் பேக்கிங் வழியாகக் காற்று இழுத்தால், கழுவினாலும் கழுவாவிட்டாலும் வண்டி சிக்னலில் நிற்கும். தேய்மானம் சில நாள் மட்டும் சரியாகி மறுபடி வராது. கழுவியதும் சரியாகிறது, ஓட ஓடக் கெடுகிறது என்றால் அந்தக் கார்புரேட்டர் வேலை செய்யக்கூடியது. அதற்குள் திரும்பவும் ஏதோ வந்து அடைக்கிறது. அதை நிறுத்தாமல் புதுக் கார்புரேட்டர் போட்டால் அதுவும் சில நாளில் அடைக்கும். இதை நான் கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்வேன். கழற்றி மாட்டும்போது லூசாக இருந்த ஏதாவது ஒரு ஹோஸ் இறுகி, பிறகு மறுபடி லூசாகி இருக்க வாய்ப்பு உண்டு என்பதால்தான் "கிட்டத்தட்ட" போட்டேன்.

ஓடும்போது நன்றாக ஓடி, நிற்கும்போது மட்டும் ஆஃப் ஆவது ஏன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் யார் என்ன சொன்னாலும் நீங்களே எடை போடலாம். வண்டி ஓடும்போது த்ராட்டில் வால்வு திறந்திருக்கும். காற்று வேகமாக உள்ளே போகும். அந்த வேகத்தில் மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் இழுபடும். காலை எடுத்ததும் த்ராட்டில் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். மெயின் ஜெட் பக்கம் இழுவை இருக்காது. அப்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் வருவது ஸ்லோ ஜெட் என்கிற சின்னப் பித்தளைத் திருகாணியின் ஓட்டை வழியாக மட்டும்தான். பைலட் ஜெட் என்றும் சொல்வோம். அந்த ஓட்டை அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். மெயின் ஜெட் அதைவிடப் பெரிது. ஆகவே தூசி வந்தால் முதலில் அடைபடுவது ஸ்லோ ஜெட். சோக்கை இழுத்தால் மேலே காற்று வரும் வாய் பாதி மூடிக்கொள்கிறது. இழுவை கூடி, மெயின் ஜெட் பக்கத்திலிருந்தும் பெட்ரோல் வந்துவிடுகிறது. கூடவே த்ராட்டிலும் கொஞ்சம் திறந்து ஆர்.பி.எம். ஏறுகிறது. அதனால் வண்டி பிழைத்துக்கொள்கிறது.

ஆனால் சோக் இழுத்தால் ஓடுகிறது என்பதை வைத்து "ஸ்லோ ஜெட் அடைப்பு" என்று முடிவு கட்ட முடியாது. பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று அதிகம் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதற்கு வேறு இரண்டு காரணமும் இருக்கலாம், இரண்டும் காசில்லாமல் பார்க்கக்கூடியவை. முதலாவது, உங்கள் கார்புரேட்டரில் ஒரு ஒயரோடு சேர்ந்த சின்ன சாலினாய்டு வால்வு இருக்கும். சாவியை ஆன் செய்தால் அது திறந்து ஸ்லோ ஜெட் வழிக்குப் பெட்ரோல் விடும். சாவியை அணைத்தால் மூடும். பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், ஒருவரைச் சாவியை ஆன் ஆஃப் செய்யச் சொல்லிவிட்டு அதன் மேல் விரலை வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் "டக்" என்று ஒரு சின்னத் தட்டு விரலில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஒயரில் பன்னிரண்டு வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடலோரக் காற்றில் அந்த ஒயரின் கனெக்டர் பச்சை பூத்துப்போய், குண்டு குழியில் ஆடும்போது விட்டு விட்டுக் கரண்ட் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, காற்று லீக். இன்ஜின் ஓடும்போது, கார்புரேட்டருக்கும், கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் இருக்கும் தடித்த பேக்கிங் ஓரத்திலும், மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வாக்குவம் ஹோஸின் வேரிலும் ஸ்ப்ரே பாட்டிலால் சாதாரணத் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெளித்த நொடியில் இன்ஜின் சத்தம் மாறினால் அந்த இடத்தில் காற்று இழுக்கிறது. சிலர் இதற்கு கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயோ பெட்ரோலோ தெளிப்பார்கள். பக்கத்திலேயே சைலன்சர் குழாய் சிவக்கக் காய்ந்திருக்கும். தண்ணீரே போதும்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தேடுவோம். இந்த இடத்தில் நிதானமாக இருங்கள். பெரும்பாலான செட்டுகளில் இந்த வேலையைச் செய்ய நேரம் கொடுப்பதில்லை. கழற்று, பெட்ரோலில் கழுவு, காற்றடி, மாட்டு, அனுப்பு என்று முடித்துவிடுகிறார்கள். கழுவிக் கீழே ஊற்றும் அந்தப் பெட்ரோலில்தான் விடை இருக்கிறது. பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றுங்கள். ஒரு வெள்ளைப் பீங்கான் கப் எடுத்து, ஃபில்டரைத் தலைகீழாகப் பிடித்து, டேங்க்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும் பக்கம் வழியாக அதிலிருப்பதை மெதுவாகக் கொட்டுங்கள். பிறகு கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையில் இருப்பதை இன்னொரு வெள்ளைக் கப்பில் எடுங்கள். இரண்டையும் கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

அடியில் செங்கல் பொடி போல மெல்லிய பழுப்பு வண்டல் படிந்தால் அது டேங்க்கின் துரு. கப்புக்கு அடியில் ஒரு காந்தத்தை வைத்து நகர்த்திப் பாருங்கள்; பல நேரம் அந்த வண்டல் கூடவே ஊர்ந்து வரும். கப்பைச் சாய்க்கும்போது அடியில் பாதரசம் மாதிரி ஒரு துளி தனியாக உருண்டு ஓடினால் அது தண்ணீர். பெட்ரோலைவிடக் கனம் என்பதால் கீழேயே கிடக்கும். நசுக்கினால் விரலில் மை போலக் கறுப்பாக ஒட்டும் மிருதுவான துணுக்குகள் இருந்தால், ரப்பர் ஹோஸ் உள்பக்கம் உதிர்கிறது. வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புத் தூள் போல இருந்தால், தண்ணீர் நின்று கார்புரேட்டரின் உலோகமே உள்ளே அரித்திருக்கிறது. கார்புரேட்டர் உடம்பு துத்தநாகமும் அலுமினியமும் கலந்த வார்ப்பு, அது அரித்தால் வெள்ளையாகத்தான் பூக்கும். தேன் நிறத்தில் பிசுபிசுப்பாகச் சுவரில் ஒட்டியிருந்தால் பழைய பெட்ரோல் காய்ந்த பிசின். ஃபில்டர் கப் அழுக்காகவும் ஃப்ளோட் கப் சுத்தமாகவும் இருந்தால் ஃபில்டர் தன் வேலையைச் செய்கிறது. அடைப்பு வேறு இடத்தில். ஃபில்டர் கப் சுத்தம், ஃப்ளோட் கப் அழுக்கு என்றால் ஃபில்டருக்குப் பிறகு இருக்கும் ஹோஸ், பம்ப், அல்லது கார்புரேட்டர் தானே உதிர்க்கிறது. இரண்டுமே அழுக்கு என்றால் டேங்க்தான். கூடவே ஃபில்டரும் ஒழுங்கானது இல்லை.

உங்கள் வண்டி நின்றிருந்த இடத்தையும் காலத்தையும் வைத்து யூகித்தால் துருவும் தண்ணீரும்தான் என் முதல் சந்தேகம். இது யூகம்தான், கப் சொல்வதே முடிவு. காரணம் சொல்கிறேன். டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் மீதி இடம் முழுக்கக் காற்று. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அந்தக் காற்றில் ஈரமும் உப்பும் சேர்ந்தே இருக்கும். பகல் சூட்டில் டேங்க் மூச்சு விடும், ராத்திரி குளிர்ச்சியில் ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் டேங்க்கின் மேல் சுவரில் வேர்த்து, வழிந்து, அடியில் சேரும். பெட்ரோல் நனைக்காத மேல் பாதிதான் முதலில் துருப்பிடிக்கும். வண்டி நின்றிருக்கும்போது துரு ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்ட ஆரம்பித்து பெட்ரோல் அலம்ப அலம்ப உதிர்ந்து வரும். அதனால்தான் நின்ற வண்டியைத் திரும்ப எடுக்கும்போது இந்தத் தொல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையின்போது உங்கள் தெருவில் தண்ணீர் நின்று, வண்டியும் அதில் நின்றதா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி பக்கம் அப்போது மூழ்கிய பழைய வண்டிகளில் இன்ஜினை மட்டும் சரி பார்த்து, டேங்க்கைத் திறந்தே பார்க்காமல் விட்டவை பல. அவற்றில் சில இன்னமும் இதே குறையோடு செட்டுக்கு வருகின்றன.

இதில் எத்தனாலின் பங்கையும் சொல்லிவிட வேண்டும். நிறையப் பேர் பழைய வண்டியில் எது நடந்தாலும் எத்தனால் மேல் போடுகிறார்கள், சிலர் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரைத் தன்னோடு கலந்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்தது ஸ்லோ ஜெட்டுக்கு வந்தால் இன்ஜின் நிற்கத்தான் செய்யும். அடுத்தது, வெறும் பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே பழைய பெட்ரோலுக்காக அளவெடுத்துத் துளையிட்ட ஜெட் வழியாக இந்தக் கலப்புப் பெட்ரோல் வரும்போது கலவை சற்று லீனாகிவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து கம்ப்யூட்டர் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது, நாம்தான் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவில் கொஞ்சம் திறந்துவிட வேண்டும். சந்தேகத்துக்கு உரியது எது என்றால், உங்கள் வண்டியின் ரப்பர் எத்தனாலால் கெட்டதா, வயதால் கெட்டதா என்பது. அந்தக் காலத்து ரப்பர் இந்தக் கலப்புக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் இத்தனை வருடம் ஆன ஹோஸ் எந்தப் பெட்ரோலிலும் வெடித்திருக்கும். எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே: டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கிழித்து உள்பக்கம் பாருங்கள். பாளம் பாளமாக வெடித்திருந்தால் கறுப்புத் துணுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

டேங்க் துரு என்று தெரிந்தால் அதை இறக்கித்தான் ஆக வேண்டும். காரை ஏற்றி, பெட்ரோலை வடித்து, டேங்க்கைக் கழற்றி, உள்ளே துருவைக் கரைத்து, நன்றாகக் கழுவி, முழுக்கக் காய வைத்து மாட்ட வேண்டும். பழைய ரேடியேட்டர், டேங்க் வேலை செய்பவர்கள் இதைச் செய்து கொடுப்பார்கள். பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்காதீர்கள். நுரையீரலுக்குள் ஒரு மடக்கு போனாலும் ஆபத்து. ஓட்டை இருக்கிறது என்று காலி டேங்க்கை கேஸ் வெல்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பெட்ரோல் நிறைந்த டேங்க்கைவிட, பெட்ரோல் ஆவி நிறைந்த காலி டேங்க் பயங்கரமானது; வெடிக்கும். உள்ளே பூசும் சீலர் பற்றி எனக்கு முழு நம்பிக்கை இல்லை. நன்றாக நின்றதையும் பார்த்திருக்கிறேன், உரிந்து வந்து அதுவே ஜெட்டை அடைத்ததையும் பார்த்திருக்கிறேன். அடிப்பாகம் ஊசி ஊசியாக அரித்திருந்தால், புதுப்பேட்டையில் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்து ஒரு நல்ல பழைய டேங்க் எடுத்துப் போடுவது சீலருக்குச் செலவழிப்பதைவிட நல்லது.

அதன் பிறகு கடைசியாக ஒரு தடவை கார்புரேட்டரை ஒழுங்காகச் சுத்தம் செய்யலாம். நீங்களே செய்யப் போகிறீர்களா, மெக்கானிக்கிடம் கொடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஹோஸ் எது எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கார்புரேட்டரில் வாக்குவம் ஹோஸ்கள் அதிகம், மாற்றிச் செருகிவிட்டால் அது புதுத் தலைவலி. ஜெட்டைக் கழற்ற அதன் பள்ளத்தில் இறுக்கமாக உட்காரும் ஸ்க்ரூ டிரைவர்தான் வேண்டும். பித்தளை மெதுவானது, ஒரு தடவை வழுக்கினால் தலை போய்விடும். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் போய் உட்காருகிறது என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கிவிட்டால் அதன் கூர் முனை கெட்டுப்போகும். ஃப்ளோட், டயாஃப்ரம், ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகுதான் ஸ்ப்ரேயும் காற்றும். கம்ப்ரஸர் காற்று ஃப்ளோட்டின் மேல் நேராக அடித்தால் ஃப்ளோட் நசுங்கும், ஸ்ப்ரே பட்டால் டயாஃப்ரம் உப்பும்.

ஜெட்டின் ஓட்டைக்குள் கம்பி, குண்டூசி, கேபிள் இழை எதையும் விடவே கூடாது. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் யாராவது ஒருவர் செய்துகொண்டேதான் இருக்கிறார். பித்தளையில் கம்பி ஒரு சுரண்டு சுரண்டினாலும் ஓட்டை அகன்றுவிடும். பிறகு வண்டி நிற்காது, ஆனால் பெட்ரோல் குடிக்கும், பிளக் கறுக்கும், புகைச் சோதனையில் தேறாது. எதனால் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் வண்டிக்கு இன்னொரு கேடும் உண்டு. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்பட நான்கு பெருநகரங்களில் விற்ற புது பெட்ரோல் கார்களுக்கு, வெளியேறும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. 1997-இல் இங்கே வாங்கிய வண்டி என்றால் அதில் அது இருந்திருக்க வேண்டும். பெட்ரோல் அதிகமாகப் போய் எரியாமல் வெளியே வந்தால் கன்வர்ட்டர் சூடேறி உருகி அடைத்துக்கொள்ளும். கிளீனரில் ஊற வைத்து, பெட்ரோல் வரும் திசைக்கு எதிர்த் திசையில் காற்றடித்து, ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஓட்டை முழு வட்டமாக, விளிம்பு கூராகத் தெரிய வேண்டும். கோணலாகத் தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. மறுபடி ஊற வையுங்கள். ஜெட்டோடு விட்டுவிடாமல், அது உட்காரும் துளைக்குள்ளும், த்ராட்டில் வால்வு ஓரத்தில் இருக்கும் பொடித் துவாரங்களிலும் ஸ்ப்ரே அடித்து, மறுபக்கம் பீய்ச்சி வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அழுக்கு ஜெட்டில் மட்டும் இருக்காது. இந்தச் சின்ன வழிகளில் ஒளிந்திருப்பது பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பி வரும். உங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் மெக்கானிக் சொன்னது சரியா என்றும் பார்த்துவிடலாம். கார்புரேட்டர் கையில் இருக்கும்போது த்ராட்டில் ஷாஃப்ட்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் பழைய கார்புரேட்டரில் இருக்கத்தான் செய்யும். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் அந்த இடைவெளியில் காற்று போகும், காலை எடுத்த நிலையில் இன்ஜின் ஓடும் ஐடிலிங் ஒருநாளும் நிலையாக நிற்காது. அடித்தட்டில் ஒரு நேரான ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பின்னால் வெளிச்சம் காட்டுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் தட்டு வளைந்திருக்கிறது. வெள்ளையாக அரித்த குழிகள் பெட்ரோல் வழிகளுக்குள் தெரிந்தால், அந்தக் கார்புரேட்டரைக் காப்பாற்றுவது கஷ்டம். இந்த மூன்றில் ஒன்று இருந்தால் அவர் சொன்னது நியாயம், மாற்றுங்கள். எதுவும் இல்லாவிட்டால் ஒரு நல்ல கார்புரேட்டர் கிட் போதும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போய், கிட்டிலிருக்கும் பேக்கிங்கைப் பழைய பேக்கிங்கின் மேல் வைத்துப் பாருங்கள். எல்லா ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வர வேண்டும். டூப்ளிகேட் கிட்டில் ஒரு சின்ன ஓட்டை இல்லாமலே இருக்கும். அந்த ஒரு ஓட்டையே போதும், வண்டி நிற்க.

மாட்டிய பிறகு ட்யூனிங். இன்ஜின் முழுச் சூடு ஏறட்டும், ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவை ஓடி நிற்கட்டும். சோக் முழுக்க உள்ளே. ஐடில் ஸ்க்ரூவில் 900 ஆர்.பி.எம். பக்கம் வைத்துக்கொண்டு, மிக்ஸ்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகிக்கொண்டே போனால் இன்ஜின் தடுமாறும். அங்கிருந்து மெதுவாக வெளியே எடுத்தால் ஓரிடத்தில் சத்தம் சீராகி வேகம் ஏறும். அந்த இடத்தில் நிறுத்தி, ஐடில் ஸ்க்ரூவில் வேகத்தைக் குறைத்து, மறுபடி ஒரு தடவை பாருங்கள். மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால் கொஞ்சம் அதிர்வு இருக்கும், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் புகைச் சோதனை மையத்தில் காட்டி கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் காலத்து வண்டிக்கு 3 சதவீதம் வரை அனுமதி. அதைவிட நன்றாகக் கீழே வந்து, ஐடிலிங்கும் நின்றால் ட்யூனிங் சரி.

ஒரு எச்சரிக்கை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிக்கும் பழக்கம் நம் பக்கம் ரொம்ப இருக்கிறது. இன்ஜின் ஒரு தடவை பின்னால் உதைத்தால் அந்த வாயிலிருந்து நெருப்பு வெளியே வரும், ஊற்றுகிறவர் கையில் பெட்ரோல் பாட்டில் இருக்கும். உங்கள் வண்டிக்கு யார் இப்படிச் செய்தாலும் தடுத்துவிடுங்கள்.

எம்.பி.எஃப்.ஐ.க்கு மாற்றும் யோசனையை நான் ஆதரிக்க மாட்டேன். இன்ஜின் மட்டும் போதாது. கம்ப்யூட்டர், ஒயரிங், சென்சார்கள், டேங்க் பக்கம் அழுத்தம் கூடிய பம்ப், திரும்பும் லைன் எல்லாம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இப்படி மாற்றவும் கூடாது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் வேறாக இருந்தால் சிக்கல். அத்தனையும் செய்தாலும் அதே துருப்பிடித்த டேங்க்தான் இருக்கும். இன்ஜெக்டரின் துளை ஸ்லோ ஜெட்டைவிடப் பொடி.

இவ்வளவும் நீங்கள் எழுதிய குறையை வைத்து. வண்டி வேறு மாதிரி நின்றால் கதை வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை அணைத்தது போலப் பட்டென்று நின்று, ஆறிய பிறகு ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். இக்னிஷன் காயில் பக்கம் பாருங்கள். பெட்ரோல் குறையால் நிற்கும் வண்டி குலுங்கி, தும்மி, தடுமாறித்தான் நிற்கும். மத்தியான வெயிலில் நெரிசலில் ஊர்ந்து வந்து நின்று, பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் கிளம்புகிறது என்றால் பெட்ரோல் பைப்பில் ஆவி அடைப்பு. பைப் சைலன்சருக்குப் பக்கத்தில் போகிறதா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம் ஓடி நிற்கிறது, டேங்க் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போகிறது, பிறகு ஓடுகிறது என்றால் டேங்க்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது.

முதலில் அந்த இரண்டு கப் வேலையைச் செய்யுங்கள், ஒரு ஃபில்டர் காசுதான் செலவு. இரண்டு கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் மேலிருந்து ஒரு படம், சாய்த்து ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். சாலினாய்டு "டக்" அடித்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு டேங்க்கை இறக்க வேண்டுமா, ஹோஸ் மாற்றினால் போதுமா என்று சொல்கிறேன். அதுவரை யாருக்கும் கார்புரேட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.